டயருக்கும் வயது உண்டு



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் மோட்டார் சைக்கிள் டயர். அதை எப்படிப் பார்த்து வாங்குவது, வாங்கியதை எப்படி வைத்துக்கொள்வது என்பதைப் பற்றிச் சொல்லப் போகிறேன். "இதில் பேச என்ன இருக்கிறது? தேய்ந்தால் மாற்றுகிறோம், காற்றுப் போனால் ஒட்டுப் போடுகிறோம்" என்று சிலர் நினைக்கலாம். பால்மரம் வெட்டிப் பிழைத்த குடும்பங்களுக்கு ரப்பரைப் பற்றி ஒரு வாத்தியார் வந்து சொல்ல வேண்டுமா என்றும் கேட்கலாம். கேள்வி நியாயமானதுதான். ஆனால் மரத்திலிருந்து மங்கு வரைக்கும், மங்கிலிருந்து ஸ்டோர் வரைக்கும் நாம் ரப்பரை அறிவோம். ஸ்டோரைத் தாண்டிப் போன பிறகு அது என்ன ஆகிறது, கறுப்பு உருவம் எடுத்து நம் வீட்டு வாசலுக்கே எப்படித் திரும்பி வருகிறது என்பதை அறிந்தவர்கள் நம்மில் குறைவு.

உலகில் எடுக்கப்படும் இயற்கை ரப்பரில் ஏறத்தாழப் பத்தில் ஏழு பங்கு டயர் செய்யத்தான் போகிறது. காற்றடைத்த டயருக்கு 1888-ஆம் ஆண்டில் உரிமைப் பத்திரம் பெற்றவர் ஜான் பாய்ட் டன்லப். அவர் அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரில் இருந்த ஒரு கால்நடை மருத்துவர். தம் மகனுடைய மூன்று சக்கர வண்டி குலுங்காமல் ஓட வேண்டும் என்று அவர் செய்து பார்த்த வேலை அது. அதே 1888-ஆம் ஆண்டில்தான் ரிட்லி என்பவர் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் பொறுப்பை ஏற்றார். மரத்தைச் சாகடிக்காமல் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையை ஆராய்ந்து நிலைநாட்டியவர் அவர். அங்கே ஒருவர் டயர் செய்தார், இங்கே ஒருவர் பால் எடுக்க வழி கண்டார். நம்மில் பலருடைய பாட்டன் பாட்டி கப்பலேறி வந்த கதை இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கிறது.

பால்வெட்டு அறிந்தவர்களுக்கு ஒன்று தெரியும். ஒட்டுப்பாலை வெயிலில் நெடுநாள் கிடக்க விட்டால் அது பிசுபிசுத்துப் போகும். பச்சை ரப்பர் வெயிலில் இளகும், குளிரில் விறைக்கும். அதன் குணம் அப்படி. 1839-ஆம் ஆண்டில் சார்லஸ் குட்இயர் என்ற அமெரிக்கர், அதனுடன் கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கினால் அந்தக் குணம் மாறி ரப்பர் உறுதிப்படும் என்று கண்டார். இன்றைக்கும் டயரை அப்படித்தான் வேகவைக்கிறார்கள். அதோடு கரித்தூளும் சேர்க்கிறார்கள். டயர் கறுப்பாக இருப்பது அழகுக்காக அன்று. கரித்தூள் இல்லாவிட்டால் டயர் சீக்கிரம் தேய்ந்துவிடும், வெயிலும் அதைச் சீக்கிரம் அரித்துவிடும். பழங்காலத்து டயர்கள் வெளிறிய நிறத்தில்தான் இருந்தன.

இவ்வளவு செய்தும் ரப்பர் ரப்பர்தான். அதற்கு முதுமை உண்டு. வெயில், சூடு, எண்ணெய் ஆகிய மூன்றும் அதை முதுமையாக்குகின்றன. நான்காவதாக, கண்ணுக்குத் தெரியாத ஒன்றும் இருக்கிறது. காற்றில் ஓசோன் என்ற வாயு மிகச் சிறிதளவு கலந்திருக்கிறது. இழுபட்ட நிலையில் இருக்கும் ரப்பரை அது பிடித்தால் தலைமயிர் போன்ற வெடிப்புகள் விழும். பணக்கட்டில் போட்டுப் பல மாதம் மறந்துவிட்ட ரப்பர் பட்டையை எடுத்து இழுத்துப் பாருங்கள். பட்டென்று அறுந்துபோகும். யாரும் அதைத் தேய்க்கவில்லை, அது தானாகவே மூத்துப்போயிற்று. டயருக்கும் இதே கதைதான், கொஞ்சம் மெதுவாக நடக்கிறது, அவ்வளவே.

இதைத் தள்ளிப்போடுவதற்காக டயர் செய்கிறவர்கள் ஒருவகை மெழுகையும் மருந்துகளையும் ரப்பருக்குள் கலந்து வைக்கிறார்கள். டயர் ஓடும்போது அமுங்கி விரிய, அவை உள்ளேயிருந்து மெல்ல வெளியே வந்து தோல்போல் மேலே படிகின்றன. சில டயர்களின் பக்கங்களில் பழுப்பு நிறமாக ஒரு படலம் தெரியுமே, அது அழுக்கன்று, காவல். தீபாவளிக்கு வண்டியைக் கழுவுகிறேன் என்று மண்ணெண்ணெயும் டீசலும் தொட்டு அதைத் தேய்த்தெடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். டயர் பளபளக்கும், உண்மைதான். காவல்காரனை விரட்டிவிட்டுக் கதவுக்குச் சாயம் பூசியது போன்ற வேலை அது. சவர்க்காரத் தண்ணீர் போதும்.

சரி, இதனால் நமக்கு என்ன? நம் நாட்டில் சாலை விபத்துகளில் இறப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். கார் நான்கு கால்களில் நிற்கிறது. ஒரு கால் வழுக்கினாலும் மற்ற மூன்றும் தாங்கும். மோட்டாருக்கு இரண்டே கால்கள். ஒவ்வொன்றும் தரையைத் தொடும் இடம் உள்ளங்கைக்குள் அடங்கும். அந்த இரண்டு உள்ளங்கை ரப்பரின்மேல்தான் காலை ஐந்தரை மணி இருட்டில் அப்பா வேலைக்குப் போகிறார். ஏழு மணிக்கு அதே மோட்டாரில் அம்மா பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் கொண்டுவந்து விடுகிறார். பின்னால் ஒருவரைத்தான் ஏற்றலாம் என்கிறது சட்டம். பள்ளிக்கூட வாசலில் காலையில் நிற்கும் எனக்கு வேறு கணக்குத் தெரியும். அதைப்பற்றி இன்னொரு நாள் பேசலாம்.

முன்சக்கரத்தையும் பின்சக்கரத்தையும் பிரித்துப் பார்க்க வேண்டும். மோட்டாரை இழுத்துச் செல்வது பின்சக்கரம், ஆளையும் சுமையையும் பெரும்பாலும் தாங்குவதும் அதுவே. ஆகவே பின்டயர் சீக்கிரம் தேயும். தேய்ந்தது கண்ணுக்குத் தெரியும், நாமும் மாற்றிவிடுகிறோம். முன்டயர் மெதுவாகத்தான் தேயும். பின்டயர் இரண்டு முறை, மூன்று முறை மாறியிருக்கும், முன்டயர் மட்டும் அப்படியே இருக்கும். வெட்டு ஆழமாகத் தெரிவதால், "இன்னும் புதுசு மாதிரி இருக்கிறதே" என்று விட்டுவிடுகிறோம். ஆனால் அதற்குள் அது கிழடாகிக் கல்போல் இறுகியிருக்கும். இறுகிய ரப்பர் ஈரச் சாலையைப் பற்றிப் பிடிக்காது. பிரேக் பிடிக்கும்போது பாரமெல்லாம் முன்னால் சாய்கிறது. வளைவில் திருப்புவதும் முன்சக்கரந்தான். பின்டயர் வழுக்கினால் சமாளித்து நிறுத்தியவர்கள் உண்டு. முன்டயர் வழுக்கினால் விழுந்த பிறகுதான் விழுந்தது தெரியும். சுருக்கமாகச் சொன்னால், பின்டயர் தேய்ந்து சாகிறது, முன்டயர் மூத்துச் சாகிறது. இன்னும் சிலர், தேய்ந்த பின்டயரைக் கழற்றி முன்னால் மாட்டிச் சிக்கனம் பண்ணுகிறார்கள். இதை மட்டும் செய்யவே கூடாது.

டயரின் வயதை எப்படி அறிவது? இதற்குப் பட்டறைக்காரரைக் கேட்க வேண்டியதில்லை. டயரின் பக்கவாட்டில் உற்றுப் பாருங்கள். பலவற்றில் டி, ஓ, டி என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் இருக்கும். அந்த வரிசையின் கடைசியில் நான்கு இலக்கங்கள் இருக்கும். சில டயர்களில் அந்த நான்கும் ஒரு சிறு கட்டத்துக்குள் தனியாக இருக்கும். ஒரு பக்கம் காணவில்லை என்றால் மறுபக்கம் பாருங்கள். முதல் இரண்டு இலக்கம் வாரம், கடைசி இரண்டு இலக்கம் ஆண்டு. 3522 என்று இருந்தால் 2022-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரத்தில் செய்தது. எந்த மாதம் என்று வேண்டுமானால் ஒரு சிறு கணக்கு. 13 வாரம் கால் ஆண்டு, 26 வாரம் அரை ஆண்டு. 26 வாரம் ஆனால் ஜூன் முடிந்தது, இன்னும் ஒன்பது வாரம் போனால் ஆகஸ்டு மாதக் கடைசி.

இதையே என் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டுக் கணக்காகக் கொடுத்துப் பார்த்தேன். வீட்டு மோட்டாரின் இரண்டு டயர்களிலும் உள்ள எண்ணை எழுதி வரவேண்டும், வயதைக் கண்டுபிடிக்க வேண்டும். பிள்ளைகளுக்கு இது மிகவும் பிடித்துவிட்டது. சிலர் அண்டை வீட்டு மோட்டார், கிராணி வீட்டுக் கார் எல்லாவற்றையும் பார்த்து எழுதிவிட்டார்கள். ஒரு மாணவி மூன்றே இலக்கம் எழுதி வந்து, "ஐயா, ஒரு எண் குறைகிறது" என்றாள். எண் குறையவில்லை. 2000-ஆம் ஆண்டுக்கு முன்பு செய்த டயர்களில் மூன்று இலக்கந்தான். அவள் பிறக்கும் முன்பே பிறந்த டயர் அது. நல்லவேளையாக மோட்டாரில் இல்லை, பூச்செடியைச் சுற்றி வேலியாகக் கிடந்தது.

எத்தனை ஆண்டு வரை வைத்துக்கொள்ளலாம்? டயர் செய்யும் பெரிய நிறுவனங்கள் பல கூறுவது இது: மாட்டி ஐந்து ஆண்டு ஆனபின் ஆண்டுதோறும் நன்றாகச் சோதித்துப் பார்க்க வேண்டும். செய்த நாளிலிருந்து பத்து ஆண்டு ஆகிவிட்டால், தேயாமல் இருந்தாலும் கழற்றிவிட வேண்டும். பத்து என்பது கடைசி எல்லை. வெயிலும் சூடும் டயரை மூப்பாக்கும் என்றால், ஆண்டு முழுவதும் வெயில் அடிக்கும் நம் நாட்டில் அந்த எல்லை வரை காத்திருக்கக் கூடாது என்பது என் எண்ணம். பக்கத்தில் வெடிப்புத் தெரிந்தால் ஆண்டுக் கணக்கே வேண்டாம்.

இனி, கடைக்குப் போவோம். முதலில் அளவு. நம் கப்சாய் மோட்டார்களில் பழைய முறைப்படி முன்னால் 2.50-17, பின்னால் 2.75-17 என்றிருக்கும். புதிய முறையில் 70/90-17, 80/90-17 என்றிருக்கும். 70 என்பது டயரின் அகலம் மில்லிமீட்டரில். 90 என்பது உயரம், அகலத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு. 17 என்பது சக்கரத்தின் வளையம் அங்குலத்தில். அதற்கு அடுத்தாற்போல் இன்னும் ஓர் எண் இருக்கும், அது சுமையைக் குறிப்பது. 38 என்றால் அந்த டயர் தாங்கக்கூடியது 132 கிலோ, 50 என்றால் 190 கிலோ. காற்று சரியாக இருந்தால்தான் அந்தக் கணக்கு. ஆளோடு அரிசி மூட்டை, காஸ் தோம்பு எல்லாம் ஏற்றிக்கொண்டு காற்று இறங்கிய டயரில் போனால் டயர் உள்ளே மடிந்து மடிந்து சூடேறும். சூடு ரப்பருக்கு என்ன செய்யும் என்று முன்பே சொன்னேன். காற்றைக் காலையில், மோட்டார் ஓடும் முன் பார்க்க வேண்டும். ஓடிச் சூடான டயரில் அழுத்தம் கூடுதலாகக் காட்டும்.

சக்கரம் எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்பதற்கு டயரில் அம்புக்குறி இருக்கும். மாட்டியபின் அதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். டியூப் உள்ள சக்கரமானால் புது டயருக்குள் புது டியூப். செம்பனை மட்டை முள் ஏறி ஐந்தாறு ஒட்டுப் போட்ட பழைய டியூபைப் புது டயருக்குள் திணிப்பது வீண் செலவுக்கே வழி. மாட்டிய முதல் நூறு கிலோமீட்டருக்குப் புது டயர் கொஞ்சம் வழுக்கும். வளைவிலும் மழையிலும் மெதுவாகப் போங்கள்.

கடையில் டயர் எங்கே இருந்தது என்பதையும் கவனியுங்கள். செய்து இரண்டு ஆண்டு ஆன டயர், கடையின் உள்ளே இருட்டில் அடுக்கி வைத்ததாக இருந்தால் பயமில்லை. செய்து ஆறு மாதமே ஆன டயரானாலும், கடை வாசலில் விளம்பரத்துக்காக வெயிலிலும் மழையிலும் தொங்கியதாக இருந்தால் எனக்கு வேண்டாம் என்பேன். "தவுக்கே, உள்ளே இருக்கிறதைக் கொடுங்கள்" என்று கேட்பதில் வெட்கமில்லை. மீன் வாங்கும்போது செவுளைத் திருப்பிப் பார்க்காத தாய்மார்கள் யார்? டயரின் செவுள் அந்த நான்கு இலக்கம்.

பழைய டயர் வாங்குவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். சம்பளம் குறைந்த மாதத்தில் பாதி விலைக்கும் குறைவாக ஒரு டயர் கிடைக்கிறது என்றால் மனம் போகத்தான் செய்யும். யாரையும் குறைசொல்ல மாட்டேன். ஆனால் கணக்குப் போட்டுப் பார்ப்போம். புது டயர் 80 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். 16 மாதம் ஓடினால் மாதத்துக்கு 5 வெள்ளி. பழைய டயர் 30 வெள்ளி, 4 மாதம் ஓடுகிறது என்றால் மாதத்துக்கு 7 வெள்ளி 50 காசு. இதில் கழற்றி மாட்டும் கூலியை நான் சேர்க்கவில்லை. மலிவாக வாங்கியவர்தான் கூடுதலாகக் கொடுக்கிறார். உங்கள் கடை விலையைப் போட்டு இதே கணக்கைச் செய்து பாருங்கள்.

பழைய டயரில் ஏமாற்றும் உண்டு. தேய்ந்த டயரைக் கத்தியால் மறுபடி வெட்டிப் பள்ளம் ஆழமாகத் தெரியும்படி செய்து, கறுப்பு மை பூசி வைப்பார்கள். மலாய்க்காரர்கள் டயரின் வெட்டைப் 'புங்கா', அதாவது பூ என்பார்கள். இது காகிதப்பூ. இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. டயரின் பள்ளத்துக்குள் ஆங்காங்கே சிறு மேடு ஒன்று குறுக்கே இருக்கும். அது இருக்கும் இடத்தைக் காட்டப் பக்கவாட்டில் ஒரு சிறு முக்கோணமோ, டி.டபிள்யூ.ஐ. என்ற எழுத்துகளோ இருக்கும். தேய்ந்து தேய்ந்து மேற்பரப்பு அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது என்று பொருள். கத்தி போட்டவர் அந்த மேட்டையும் சேர்த்து வெட்டியிருப்பார். முக்கோணம் இருந்து மேடு இல்லையென்றால் டயரைக் கீழே வைத்துவிட்டு வந்துவிடுங்கள். 'செலுப்' என்று சொல்லும், புதுத்தோல் ஒட்டிய டயர் வேறு. முறையாகச் செய்தால் அது லாரிக்கு நல்லதே, விமானச் சக்கரங்களுக்கும் அப்படி ஒட்டி ஓட்டுகிறார்கள். ஆனால் இரண்டே காலில் நிற்கும் மோட்டாருக்கு, அதுவும் முன்சக்கரத்துக்கு, நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

எப்போது வாங்குவது? தீபாவளியை ஒட்டி மழையும் வந்துவிடுகிறது. கிழக்குக் கரையில் நவம்பர் முதல் மார்ச் வரை பருவமழை. மழை பிடித்துக்கொண்டால் பால்வெட்டு நின்றுபோகும், கையில் காசும் குறையும். நல்ல டயர் தேவைப்படும் மாதங்களும் அதை வாங்க முடியாத மாதங்களும் ஒன்றாகவே வருகின்றன. டயரில் உள்ள பள்ளம் எதற்காக? சக்கரத்துக்கும் சாலைக்கும் நடுவே வரும் தண்ணீரை ஒதுக்கித் தள்ளுவதற்கு. பள்ளம் தேய்ந்தால் தண்ணீர் போக வழியில்லை. நனைந்த செம்மண் சடக்கில் அது எப்படியிருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆகவே தீபாவளிப் பணத்திலோ கூட்டுப் பணத்திலோ துணிமணிக்கு ஒதுக்கும்போதே டயருக்கும் ஒதுக்கிவிடுங்கள். வீட்டில் வரவு செலவைப் பார்ப்பவர்கள் தாய்மார்கள் என்பதால் இதை உங்களிடமே சொல்கிறேன்.

மலிவு விற்பனை என்று நாலைந்து டயர் வாங்கிச் சேர்க்க வேண்டாம். மாட்டாமலே மூத்துப்போகும் பண்டம் அது. அடுத்து மாற்ற வேண்டிய ஒன்றை முன்கூட்டியே வாங்கி வைப்பது தவறில்லை. எங்கே வைப்பது என்பதுதான் கேள்வி.

பனி பெய்யும் நாடுகளில் இது ஒவ்வோர் ஆண்டும் வருகிற வேலை. அங்கே காருக்கு இரண்டு கூட்டு டயர் வைத்திருப்பார்கள், கோடைக்கு ஒன்று, குளிர்காலத்துக்கு ஒன்று. ஜெர்மனியில் பனி உறைந்த சாலையில் குளிர்கால டயர் இல்லாமல் ஓட்டக்கூடாது என்று சட்டமே இருக்கிறது. கழற்றிய கூட்டத்தை மறு பருவம் வரை பத்திரப்படுத்துவார்கள். சொந்தக் காரைப் பந்தயத் திடலுக்குக் கொண்டுபோய் ஓட்டி மகிழ்பவர்களும் அங்கே உண்டு. அவர்களுடைய டயர் மிகவும் மென்மையான ரப்பர். உறையும் குளிரில் வெளியே போட்டால் அது வெடித்துவிடும் என்று செய்தவர்களே எச்சரிப்பதால், குளிர்காலம் முழுவதும் அதை வீட்டுக்குள் வைத்துக் காப்பாற்றுகிறார்கள். நமக்குக் குளிர் பகையில்லை, சூடுதான் பகை. மற்றபடி அவர்கள் செய்யும் முறையே நமக்கும் பொருந்தும்.

டயரைக் கழுவித் துடைத்து நிழலில் காயவிடுங்கள். பிறகு கறுப்புப் பிளாஸ்டிக் பையில் போட்டு, காற்றை அமுக்கி வெளியேற்றி, வாயை இறுகக் கட்டுங்கள். ஒளியும் போகாது, காற்றும் போகாது. லயத்து வீட்டில் இடம் குறைவு என்பது தெரியும். அஞ்சடியில் மாலை வெயில் அடிக்கும், அங்கே வேண்டாம். அடுப்பங்கரையும் தகரக் கூரையை ஒட்டிய பரணும் சூடு. பெட்ரோல், எஞ்சின் எண்ணெய், களைக்கொல்லி மருந்து வைக்கும் கொட்டகை எல்லாவற்றையும்விட மோசம், ரப்பர் எண்ணெயைக் குடித்து ஊதிப்போகும். வெல்டிங் வைக்கும் பட்டறையும் ஆகாது, அந்த நெருப்புப் பொறியில் ஓசோன் உண்டாகிறது. கட்டிலுக்கு அடியில் இடமிருந்தால் அதைவிட நல்ல இடமில்லை. ஆணியில் மாட்டித் தொங்கவிடாதீர்கள், தொங்கும் இடத்தில் டயர் கோணிப்போகும். நிற்க வைக்க முடிந்தால் நிற்க வைத்து, மாதம் ஒருமுறை கொஞ்சம் உருட்டி வையுங்கள்.

நீண்ட விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்கள் மோட்டாரை நடுத்தாங்கியில் நிறுத்தி, காற்றைச் சரியாக அடைத்துவிட்டுப் போங்கள். காற்றில்லாத டயர் ஒரே இடத்தில் வாரக்கணக்கில் நசுங்கி நின்றால் அந்த இடத்தில் வெடிப்பு விழும்.

கடைசியாக, கழற்றிய பழைய டயர். அதைக் கொல்லையில் எறிந்துவிடுகிறோம். எப்படிப் போட்டாலும் உள்வளைவில் மழைத்தண்ணீர் தேங்கும். டெங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு அதைவிட வசதியான வீடு இல்லை. தண்ணீர் வற்றினாலும் அதன் முட்டைகள் மாதக்கணக்கில் உயிரோடு ஒட்டிக்கொண்டிருந்து அடுத்த மழையில் பொரிக்கும். ஆசியாவைச் சேர்ந்த ஒருவகை ஏடிஸ் கொசு, 1985-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரத்தில் குடியேறியிருப்பதைக் கண்டுபிடித்தார்கள். கப்பலில் ஏற்றிச் சென்ற பழைய டயர்களோடுதான் அது போயிருக்கிறது. நம் நாட்டில் 1975-ஆம் ஆண்டின் நோய்பரப்பும் பூச்சிகளை அழிக்கும் சட்டப்படி, வீட்டு வளாகத்தில் கொசுப்புழு வளர விடுவது தண்டனைக்குரிய குற்றம். எரித்துவிடலாம் என்றும் நினைக்காதீர்கள், அந்தக் கரும்புகை நஞ்சு, திறந்த வெளியில் எரிப்பதும் சட்டத்துக்கு மாறானது. புது டயர் மாட்டும் பட்டறையிலேயே பழையதை விட்டுவிட்டு வாருங்கள். செடிக்கு வேலியாக வேண்டும் என்பவர்கள், பக்கச் சுவரில் நாலைந்து பெரிய துளை போட்டுத் தண்ணீர் வழிந்துவிடும்படி செய்து, உள்வளைவு நிறைய மண்ணை அடைத்து வையுங்கள்.